ரெக்கார்டு நோட்டுக்கு முன்னால் கீபோர்டு

அன்புள்ள அம்முவுக்கு,

பைதான் ப்ரோக்ராமிங் பாடத்துக்குக் கொடுத்த விதிமுறைத் தாளை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். படித்தேன். "இவ்வளவு ரூல்ஸாம்மா?" என்று கீழே ஒரு வரி. நானும் இன்னொரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் நிற்கிறவள்தானே, அந்தத் தாளை எழுதுகிறவர்கள் என்ன நினைத்து எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வருகைப்பதிவு 75 சதவீதம். அதில் பேரம் கிடையாது. 65-க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ், கையெழுத்து என்று அலைந்து தப்பிக்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. தீபாவளி லீவை முன்னும் பின்னும் இழுக்காதே, அவ்வளவுதான்.

மதிப்பெண் விஷயத்தைக் கொஞ்சம் கவனி. உங்கள் அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில் தியரிக்கு இன்டர்னல் (கல்லூரியே போடுவது) 40, செமஸ்டர் தேர்வு 60. லேபுக்கு அப்படியே தலைகீழ்: இன்டர்னல் 60, கடைசித் தேர்வு 40. பாஸாக மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். லேபில் இன்டர்னல் 60 என்றதும் பிள்ளைகள் "அது மேடம் போட்டுவிடுவாங்க" என்று நினைத்துக்கொள்கிறார்கள். போடுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் அந்த 60 வாராவாரம் நீ சிஸ்டம் முன்னால் உட்கார்ந்து தட்டுவதற்காக வைத்தது. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து அழகாக எழுதிக் கொடுப்பதற்காக இல்லை. (ரெக்கார்டைக் கையால் எழுதச் சொல்வதே எனக்குப் பிடிக்காது. ப்ரோக்ராம் தாளில் ஓடாது. ஆனால் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.)

உங்கள் லேபில் முதல் பயிற்சியாக கரண்ட் பில் கணக்குக்கு ஃப்ளோசார்ட் போடச் சொல்வார்கள். அதைப் பைதானிலும் எழுதிப் பார். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உனக்குத் தெரியும். நிபந்தனை வைக்கும் இஃப் (if) வரியில் 'நூறுக்குக் குறைவு' என்று போடுவாயா, 'நூறு அல்லது குறைவு' என்று போடுவாயா? ஒரு சமக்குறிதான் வித்தியாசம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளிக் கல்லூரித் தேர்வாளர் வந்து "சரியாக 100 கொடுத்தால் என்ன வரும்?" என்றுதான் கேட்பார். தானே எழுதியவள் ஒரு நொடி யோசித்துச் சொல்லிவிடுவாள். பார்த்து எழுதியவள் கூரையைப் பார்ப்பாள். இன்னொன்று: 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே 101-லிருந்து 200 வரை உள்ளதற்கும் வீதம் மாறிவிடும். அப்பா ஒவ்வொரு கோடையிலும் ஏசி ரிமோட்டை ஒளித்து வைப்பது ஏன் என்று இந்த ப்ரோக்ராமை எழுதும்போது உனக்கே புரியும்.

காப்பி பற்றி அந்தத் தாளில் கறுப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அது வெறும் மிரட்டல் இல்லை. மாஸ் (MOSS) என்று ஒரு மென்பொருள் 1994-லிருந்தே இருக்கிறது. வேரியபிள் பெயரை மாற்றினாலும், கமெண்ட்டை அழித்தாலும் இரண்டு ப்ரோக்ராம்கள் ஒரே வார்ப்பா என்று காட்டிவிடும். எங்கள் லேபில் அதுகூடத் தேவைப்படுவதில்லை. 'எலக்ட்ரிசிட்டி' என்ற சொல்லை இரண்டு பேர் ஒரே எழுத்தில் தப்பு விட்டிருப்பார்கள். அதற்கு மேல் என்ன விசாரணை?

அதற்காக யாரிடமும் பேசாதே என்று சொல்லவில்லை. ஹார்வர்டில் சிஎஸ்50 என்று ஒரு அறிமுகப் பாடம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இந்த எல்லையை நன்றாகப் போட்டிருக்கிறார்கள்: கணக்கை எப்படி அணுகுவது என்று பேச்சில் விவாதிக்கலாம், தோழியின் கோடில் எங்கே தப்பு என்று தேடிக் கொடுக்கலாம்; நீ முடித்துக் கொடுப்பதற்கு முன் அவளுடைய விடையைக் கேட்டு வாங்கக் கூடாது. அங்கே சாட்ஜிபிடிக்கு அனுமதி இல்லை. பதிலாக விடையைத் தூக்கிக் கொடுக்காமல் வழிகாட்டும் 'வாத்து' சாட்பாட் ஒன்றை 2023-ல் அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தாளில் ஏஐ பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒன்றும் சொல்லவில்லையே என்று எடுத்துக்கொள்ளாதே, போய் உங்கள் மேடத்திடமே கேள். கேட்டதற்காக யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், எரர் மெசேஜுக்கு என்ன அர்த்தம் என்று ஏஐயிடம் கேட்கலாம், ப்ரோக்ராமை எழுதித் தரச் சொல்லக் கூடாது. அதுவும் முதலில் நீயே ஒரு முறை மெசேஜைப் படித்த பிறகு.

சிவப்பில் எரர் வந்ததும் முக்கால்வாசிப் பிள்ளைகள் படிக்காமலே கை தூக்குவார்கள். நீ கடைசி வரியை முதலில் படி. என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும். எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. எரரே வராமல் தப்பு வருவதுதான் மோசம். இன்புட்டில் 20-ம் 30-ம் வாங்கிக் கூட்டுவாய், 2030 என்று வந்து நிற்கும். பைதான் அவற்றை எண்ணாக எடுக்கவில்லை, எழுத்தாக எடுத்து ஒட்டிவிட்டது. 'இன்ட்' (int) போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். இதை நான் இங்கே எழுதிவிட்டேன் என்றாலும் நீ ஒரு தடவை மாட்டிக்கொள்ளத்தான் போகிறாய். பரவாயில்லை.

சப்மிஷன் தேதி வெள்ளி என்றால் புதன் இரவே முடித்து வை. ஹாஸ்டல் வைஃபை வியாழன் இரவு என்ன செய்யும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று வைத்துக்கொள்.

ரெக்கார்டு நோட்டுக்கும் பிரிண்ட்அவுட்டுக்கும் அப்பா ஜிபேயில் பணம் போட்டிருக்கிறார். மிச்சத்துக்குப் பழம் வாங்கிச் சாப்பிடு, பஃப்ஸ் வேண்டாம். பில் ப்ரோக்ராம் ஓடியதும் அனுப்பு. போன தடவை நமக்கு 540 யூனிட் வந்தது, போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா