ஹாரியட் டப்மனின் ஊரில் சைக்கிளில் சுற்றினேன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பேத்திக்குக் காதுகுத்து எந்த மாதம் என்று எழுதவில்லையே? இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பால்டிமோரிலேயே வேலையில் சேர்ந்துவிட்டாள். சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடுகிறாள், வீடு பழையபடி கலகலவென்று இருக்கிறது.

'இந்த வயதில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எங்கே சுற்றுகிறாய்' என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவன் நீ, உனக்கு இதை இரண்டு வரியில் எழுத எனக்கு மனமில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் மேரிலாந்து மாநிலத்துக்கு நடுவில் செசபீக் விரிகுடா புகுந்து கிடக்கிறது. அதன் கிழக்குக் கரையில் டார்செஸ்டர் கவுண்டி. தான் தப்பியதோடு நிற்காமல் மற்ற அடிமைகளையும் தப்பவைத்த கறுப்பினப் பெண்மணி ஹாரியட் டப்மன் 1822 வாக்கில் அடிமையாகப் பிறந்தது அங்கேதான். அவர் நினைவாக 125 மைல் நீளத்துக்கு ஒரு பாரம்பரியச் சாலையை அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். காரில் வருகிறவர்கள் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார்கள், ஆனால் அவர்களில் பாதிப் பேர் ஏமாந்த முகத்தோடு திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அங்கே பார்ப்பதற்கென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சர்ச் கிரீக் பக்கத்தில் 2017இல் திறந்த ஒரு நல்ல அருங்காட்சியகம், அப்புறம் ஒரு வயல், ஒரு சதுப்பு, ஒரு கல்லறைத் தோட்டம், ஓரத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். அடிமைகள் இருந்த குடிசைகளை யார் பாதுகாத்து வைத்தார்கள்? அந்த வயலும் சதுப்பும் தண்ணீரும்தான் மிச்சமிருக்கிற சாட்சி. அதை இருபது நிமிடத்தில் காரில் தாண்டிவிட்டால் அது வெறும் புல்வெளி. சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்துக் கடந்தால் அது வேறு.

தரை தட்டையோ தட்டை. மேடு என்று ஒன்றைக்கூடக் காண முடியாது, அதனால் உன் புது முழங்காலும் தாங்கும். சாலையோரம் ஒதுங்க இடம் குறைவு, ஆனால் வண்டிகளும் குறைவுதான். பிளாக்வாட்டர் சரணாலயத்துக்குள் போனால் வெள்ளைத்தலைக் கழுகுகள் தாராளமாகத் தென்படும். இந்தச் சதுப்பில்தான் ஆறேழு வயதுக் குழந்தையாக இருந்தபோது டப்மனை வாடகைக்கு விட்டிருந்தார்கள், குளிரில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மஸ்க்ராட் என்கிற ஒருவகை நீரெலிக்கு வைத்த பொறிகளைப் பார்த்துவர வேண்டும், அதுவும் அம்மை கண்டு காய்ச்சலோடு இருந்தபோது. அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். மார்ச் மாதம். விரல் மரத்துப்போயிற்று.

அங்கிருந்து பக்டவுன் போகும் வழியெல்லாம் வயல்வெளி. ஒரு நாற்சந்தியில் மரத்தால் கட்டிய பழைய கடை ஒன்று நிற்கிறது. அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும்போது, அந்த இடத்துக் கடையில் தப்பி ஓடப் பார்த்த இன்னொரு அடிமையைப் பிடித்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டேன் என்றிருக்கிறார். கங்காணி ஓடுகிறவனைக் குறிவைத்து எறிந்த இரண்டு பவுண்டு எடைக்கல் இந்தப் பெண்ணின் மண்டையில் விழுந்தது. அன்றிலிருந்து சாகும்வரை நினைத்த நேரத்தில் தூக்கம் வந்து அமுக்கிவிடும் கோளாறு அவருக்கு இருந்தது. அந்த உடம்போடுதான் அத்தனையும் செய்தார்.

1849இல் தனியாகத் தப்பினார். முதலில் இரண்டு தம்பிகளோடு கிளம்பி, தம்பிகள் பயந்து திரும்பிவிட, பிறகு தான் மட்டும் மறுபடி கிளம்பிப் போனார். அந்த முதல் முயற்சியின்போது ஆண்டையின் விதவை மனைவி கொடுத்த பத்திரிகை விளம்பரம் இன்றும் இருக்கிறது, மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு 100 டாலர், உள்ளேயே பிடித்தால் 50. தப்பித்தவர் அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுமார் 13 தடவை திரும்பி வந்து ஏறக்குறைய 70 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். பாடப்புத்தகங்களில் இது ஒரு தனி வீராங்கனையின் கதையாகத்தான் வருகிறது. அங்கே போய் மிதித்த பிறகு எனக்குப் பட்டது வேறு: இது முழுக்க முழுக்க ஓர் ஊர்க்கதை. தகப்பன், மாமன், பக்கத்து வீட்டுக்காரன், படகுக்காரன், போதகர் என்று ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் சேர்ந்து செய்த காரியம். அந்த இடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம் என்பது காலுக்குத்தான் தெரிகிறது.

கேம்பிரிட்ஜ் நகர நீதிமன்றத்தை எடுத்துக்கொள். 1850 டிசம்பரில் டப்மனின் உறவுப்பெண் கெசையாவையும் இரண்டு குழந்தைகளையும் நீதிமன்ற வாசலில் ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்டவர்களில் ஒருவர் அவள் கணவர் ஜான் பௌலி, சுதந்திரமான கறுப்பினத்தவர், கப்பல் தச்சர். ஏலத்தை எடுத்தது அவரேதான். கட்டப் பணம் ஏது? ஏலக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து பணத்தைக் கட்டச் சொல்லிக் கூப்பிட்டபோது ஆளையும் காணோம், தாயையும் பிள்ளைகளையும் காணோம். பக்கத்திலேயே ஒரு பெண்மணி வீட்டில் ஒளிந்திருந்துவிட்டு, இருட்டியதும் சிறிய பாய்மரத் தோணியில் விரிகுடாவைக் கடந்து பால்டிமோர் போய்விட்டார்கள், அங்கே டப்மன் காத்திருந்தார். நீதிமன்ற வாசலிலிருந்து சாப்டேங்க் ஆற்றுத் துறைக்குச் சைக்கிளில் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத் தூரத்தை அன்றைக்கு இரண்டு குழந்தைகளோடு எப்படிக் கடந்திருப்பார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்தத் தோணியை நள்ளிரவில் விரிகுடாவில் ஓட்டத் தெரிந்திருந்தது சும்மா வந்ததில்லை. அந்தப் பகுதிக் கறுப்பின மக்கள் கப்பல் கட்டினார்கள், மரம் ஏற்றினார்கள், படகு ஓட்டினார்கள். டப்மனே அப்பாவோடு காட்டில் மரம் வெட்டியவர். மேடிசன் பக்கம் மரம் மிதக்கவிட ஏழு மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் போகிறது, சதுப்பில் நின்று கையாலேயே இருபது வருடம் வெட்டினார்கள். ஆண்டைகள் லாபத்துக்காக வாங்கிய வேலைதான், அதுவே காட்டையும் நீர்வழியையும் வடக்கே போய்வரும் மாலுமிகளையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

அதே பக்கம்தான் ஜேக்கப் ஜாக்சன் இருந்தார், எழுதப்படிக்கத் தெரிந்த சுதந்திரமான கறுப்பினத்தவர். 1854 கிறிஸ்துமஸ் முடிந்ததும் டப்மனின் சகோதரர்கள் மூவரை ஏலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், டப்மன் யாரோ எழுதியதுபோல ஜாக்சனுக்கு ஒரு கடிதம் அனுப்பச் செய்தார், தயாராக இருங்கள் என்பதைக் கப்பல், பிரார்த்தனை என்று மறைத்துச் சொல்லி. தபால்காரர்கள் உடைத்துப் படித்துவிட்டு ஜாக்சனிடம் கேட்க, அவர் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, யாருக்கோ எழுதியது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே போய் அந்தச் சகோதரர்களிடம் சொல்லிவிட்டார். அவர்கள் வடகிழக்கே பாப்ளர் நெக்கில் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில், மக்காச்சோளம் போட்டுவைக்கும் கொட்டகையில் ஒளிந்தார்கள். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் கதறிவிடுவார், ஊர் கூடிவிடும். அவரோ பிள்ளைகள் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பிள்ளைகள் பலகை இடுக்கு வழியாக அம்மாவைப் பார்க்கிறார்கள். அப்பா பென் ராஸ் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. புறப்படும்போது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு பிள்ளைகள் கையைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். நாளைக்கு வந்து கேட்டால் 'என் பிள்ளைகளை நான் பார்க்கவில்லை' என்று பொய் இல்லாமல் சொல்ல வேண்டுமே. மாப்ளே, நானும் நீயும் பிள்ளை பெற்றவர்கள். இதற்கு மேல் நான் என்ன எழுத?

அந்தப் பென் ராஸ் முன்பு குடியிருந்த குடிசையின் இடத்தை 2021இல்தான் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்து அறிவித்தார்கள். 1808ஆம் வருட நாணயம் ஒன்று கிடைத்ததுதான் முதல் தடயம். கடல்மட்டம் ஏறி அந்தப் பகுதியே கொஞ்சம் கொஞ்சமாக மூழ்குகிறது. பிளாக்வாட்டரில் 1930களுக்குப் பிறகு 5,000 ஏக்கருக்கு மேல் சதுப்பு திறந்த நீர்ப்பரப்பாகிவிட்டது. உப்பு ஏறிப் பட்டுப்போன பைன் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் நான் சொல்வது அதனால்தான்.

என்னோடு வந்தவர் முன்பு என்னுடன் வேலை பார்த்தவர், கறுப்பினத்தவர், மேஜர் டெய்லர் பெயரில் நடக்கும் ஒரு சைக்கிள் கிளப்பில் இருக்கிறார். இந்தப் பெயரில் நாடு முழுக்கக் கிளப்புகள் உண்டு. டெய்லர் கறுப்பின சைக்கிள் பந்தய வீரர், 1899இல் மான்ட்ரியலில் உலக சாம்பியன் ஆனவர். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1894இல், அமெரிக்க சைக்கிள்காரர்களின் பெரிய சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி போட்டிருந்தது. அதற்கு முன்பே உறுப்பினராகியிருந்த பாஸ்டன் தையல்காரப் பெண் கிட்டி நாக்ஸ், 1895இல் சங்கத்தின் கூட்டத்துக்குத் தன் அட்டையோடு போய் நின்றார், தானே தைத்த சைக்கிள் உடையில். 1928 ஈஸ்டரில் ஐந்து கறுப்பினப் பெண்கள் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு 250 மைல் மிதித்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, அறிவொளி நாட்களில் புதுக்கோட்டைப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியதை எவ்வளவு பூரிப்போடு எழுதியிருந்தாய். டெய்லர் 1932இல் சிகாகோவில் ஏழையாக இறந்தார், அநாதைக் குழியில் புதைத்தார்கள். 1948இல் பழைய பந்தயக்காரர்கள் சேர்ந்து எடுத்து முறையாக அடக்கம் செய்தார்கள்.

திரும்பி கேம்பிரிட்ஜ் வந்து பைன் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நண்பருடைய சித்தி வளர்ந்த தெரு அது. 1963இல் குளோரியா ரிச்சர்ட்சன் தலைமையில் இந்த ஊரில் நடந்த போராட்டத்துக்கு ராணுவத்தையே இறக்கினார்கள். நீட்டிய துப்பாக்கி முனையை அவர் கையால் ஒதுக்கித் தள்ளும் புகைப்படத்தை நீ பார்த்திருப்பாய். கடைகளிலும் உணவகங்களிலும் சம உரிமை தரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது, பிறந்ததும் என்னுடையதான உரிமைக்கு ஊரிடம் ஓட்டு கேட்க மாட்டேன் என்று புறக்கணிக்கச் சொன்னார். அதற்காகத் தன் பக்கத்து ஆட்களிடமே பேச்சு வாங்கினார். அவர் செய்தது சரி என்பதுதான் என் அபிப்பிராயம், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. 1967இல் இதே தெருவில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி உள்ளே வர மறுத்தது, இரண்டு பிளாக் அளவுக்குக் கட்டடங்கள் எரிந்து போயின. காலியிடங்களை நண்பர் ஒவ்வொன்றாகக் காட்டினார், இது சலூன், இது பள்ளிக்கூடம் என்று.

அடுத்த ஆசை பெரியது. அலபாமாவின் மொபீல் துறைமுகத்திலிருந்து கனடாவின் ஓவன் சவுண்ட் வரை தப்பியோடியவர்களின் திசையைப் பின்பற்றி ஏறக்குறைய 2,000 மைலுக்கு ஒரு சைக்கிள் பாதையை 2007இல் வகுத்திருக்கிறார்கள். ஒஹையோ ஆற்றைக் கடந்து ரிப்லியில், தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த போதகர் ஜான் ராங்கின் வீட்டுக்கு ஏறும் பகுதியையாவது மிதித்துவிட வேண்டும் என்று நண்பரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

நீ அக்டோபரில் வா. வெயில் காலத்தில் அங்கே கொசு பிடுங்கி எடுத்துவிடும், அக்டோபரில் காற்று மட்டும்தான். உனக்கு என் பழைய வண்டியின் சீட்டை இறக்கித் தருகிறேன். டாக்டரிடம் சைக்கிள் மிதிக்கலாமா என்று கேட்டுவிட்டு, அப்படியே காதுகுத்துத் தேதியையும் எழுது, அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போட முடியும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே