ஏன் பக்கத்தை வெட்டித் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையின் இடப்பக்கத் தட்டில் போன மாதம் அடுக்கிய பழைய ஓவியச் சஞ்சிகைகளைப் பலர் எடுத்துப் புரட்டுகிறீர்கள். சந்தோசம். புரட்டியவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: "இந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டுத் தருவீர்களா?" மாட்டோம் என்றதும் சிலருக்கு முகம் சுருங்குகிறது. "சட்டம் போடுவதுதானே உங்கள் தொழில்?" என்று ஒரு அண்ணர் கேட்டே விட்டார். கடையில் கூட்டம் நிற்கும்போது அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

தட்டில் 'கனேடியன் ஆர்ட்', 'ஆர்ட்ஸ்கனடா' என்று இரண்டு பெயர்களில் இருந்தாலும் அது ஒரே சஞ்சிகைதான். பிறந்தபோது அதற்கு இன்னொரு பெயர். 1940 அக்டோபரில், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், வுல்ஃப்வில் என்ற சின்ன ஊரில், 'மரிடைம் ஆர்ட்' என்று தொடங்கியது. அங்கே அக்கேடியா பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை கற்பித்த வால்ட்டர் ஏபெல் அதன் ஆசிரியர். ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ அல்ல, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, போர்க்காலத்தில் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு. அந்தப் பெயரில் வந்த இதழ் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

1943இல் அது ஒட்டாவாவுக்குப் போய், 'கனேடியன் ஆர்ட்' என்று முழு நாட்டுக்குமான சஞ்சிகை ஆனது. ஏபெல் கொஞ்ச நாளில் அமெரிக்கா போய்விட, டொனால்ட் புக்கானனும் ரொபர்ட் அயரும் நடத்தினார்கள். பிறகு அலன் ஜார்விஸ். அவர் தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். பழைய ஐரோப்பிய ஓவியங்களை வாங்கும் விடயத்தில் அரசோடு பிணக்குப்பட்டு 1959இல் பதவியை விட்டு, இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் நாற்காலிக்கு வந்தார்.

1967இல் பெயர் மறுபடி மாறியது. ஆர்ட்ஸ், கனடா என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி, ஆங்கிலத்தில் எல்லாம் சின்ன எழுத்தில், 'ஆர்ட்ஸ்கனடா'. ஆன் ப்ரொட்ஸ்கி ஆசிரியராக இருந்த காலம் அது. தட்டில் உள்ளவற்றில் எனக்குப் பிடித்தவை இவைதான். ஒரு இதழ் முழுவதையும் ஒரே பொருளுக்குக் கொடுத்துவிடுவார்கள். 1967 அக்டோபர் இதழின் பொருள் 'கறுப்பு'. ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் இருந்த கலைஞர்கள் தொலைபேசியில் சேர்ந்து பேசியதை அதில் அச்சிட்டார்கள். கறுப்பு ஓவியங்களுக்குப் பேர்போன அட் ரைன்ஹார்ட் ஒருபக்கம், கறுப்பின ஜாஸ் பியானோக் கலைஞர் செசில் டெய்லர் ஒருபக்கம். ரைன்ஹார்ட்டுக்குக் கறுப்பு என்பது ஓவியத்துக்குள் அடங்கிய விடயம். டெய்லருக்கு அது வாழ்க்கை. இதழ் வெளிவருமுன், ஓகஸ்ட் மாதக் கடைசியில், ரைன்ஹார்ட் இறந்துவிட்டார். இதில் எந்தப் பக்கத்தை வெட்டுவது, சொல்லுங்கள்.

அந்த உரையாடலில் இருந்த இன்னொருவர் மைக்கல் ஸ்னோ. பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வேலையை நீங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்: ரொறன்ரோவின் ஈற்றன் சென்ரர் கடைத்தொகுதியின் கூரையில் பறப்பதுபோல் தொங்கும் 60 வாத்துகள் அவர் செய்தவை. நத்தாருக்கு அவற்றின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியபோது, கேட்காமல் என் படைப்பில் கைவைக்கக்கூடாது என்று வழக்குப் போட்டு 1982இல் வென்றார். நாங்கள் போடுவது மரச்சட்டம்; அவர் போனது மற்றச் சட்டத்திடம். ஆனால் அந்தக் கதை தெரிந்த பிறகு கத்தரியை எடுக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஸ்னோவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்த ஏவ்ரம் ஐசக்ஸ், பின்னாளில் ரொறன்ரோவின் யங் வீதியில் பெயர்பெற்ற ஓவியக் கலரி நடத்தியவர். அவர் 1950இல் தொடங்கியது எங்களைப்போலச் சட்டம் போடும் கடைதான். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அப்புறம் நடந்தது சுருக்கமாக: 1982இல் 'ஆர்ட்ஸ்கனடா' நின்றது. 1984இல் பழைய 'கனேடியன் ஆர்ட்' என்ற பெயரிலேயே ரொறன்ரோவில் திரும்பத் தொடங்கினார்கள். 2021இல் அதுவும் மூடப்பட்டது. இனிப் புதிய இதழ் வராது. தட்டில் இருப்பது விற்றால் குறையும், அவ்வளவுதான்.

சரி, சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. முழு இதழையும் அப்படியே வைக்கக்கூடிய ஆழமான பெட்டிச் சட்டம் செய்து தருகிறோம். பசை தொடாது; அமிலமில்லாத அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. விரும்பிய பக்கத்தைத் திறந்தபடி வைக்கலாம், அலுத்தால் வேறு பக்கம் புரட்டலாம். குளியலறைச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்: வழுவழுப்பான தாளில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

தையல் விட்டு, பக்கம் பக்கமாகக் கழன்று வந்த இதழ்கள் நான்கு மேசைக்குக் கீழே பெட்டியில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து தனிப்பக்கம் தருவோம், தாராளமாகக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்
ஸ்காபரோ