ஷோகேஸில் இருக்கும் அந்த வெள்ளைக் கிளை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் சொந்தக்கார அக்கா ஒருவரின் புதுமனைப் புகுவிழாவுக்குப் போயிருந்தேன். ஷோகேஸில் சங்குகளுக்கு நடுவே ஒரு சாண் நீளத்தில் வெள்ளைக் கிளை ஒன்று. "ராமேஸ்வரம் போனப்போ சங்குக் கடையில வாங்கினது, ஏதோ கடல் செடியாம்" என்றார். கையில் எடுத்துப் பார்த்தால் மான்கொம்பு மாதிரி பிரிந்து பிரிந்து போகிறது, மேலெல்லாம் பொடிப்பொடிக் குழாய்கள், ஒவ்வொரு நுனியிலும் நட்டநடுவில் ஒரு துளை. அக்ரோபோரா என்கிற கிளைப் பவளம் அது.

அது செடி இல்லை. ஒவ்வொரு குழாயிலும் ஒரு உயிர் குடியிருந்திருக்கிறது. நுனியில் இருக்கும் உயிர் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே முன்னால் போகும், அதன் பக்கவாட்டில் மற்றவை மொட்டுவிடும், கிளை நீள்வது அப்படித்தான். வெள்ளையும் அதன் நிறமில்லை. உயிரோடு இருக்கும்போது பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். சதைக்குள் வாழ்ந்து சோறு போடும் நுண்பாசி தருகிற நிறம் அது. கடல் சூடேறினால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று திரும்பத் திரும்ப இது நடந்தது, கிளைப் பவளங்களுக்குத்தான் அடி அதிகம்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல்லை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அலையைத் தடுத்த பவளப்பாறை போனதும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், எடுப்பதும் விற்பதும் குற்றம். இப்போது கடல் ஆய்வாளர்கள் உடைந்த கிளைத்துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலுக்கடியில் நட்டு, ஒவ்வொன்றும் பிழைக்கிறதா என்று முங்கி முங்கிப் பார்க்கிறார்கள். அங்கே விரல் நீளத் துண்டுக்கு அத்தனை பாடு, இங்கே ஒரு சாண் கிளை அலங்காரப் பொருள் என்றால் மனசு ஆறவில்லை.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் சங்குக் கடைகள் இருக்கும் தெருவிலும் படகுத் துறையிலும் ஒரு பலகை வையுங்கள், 'பவளம் உயிர், வாங்காதீர்கள்' என்று தமிழில் மட்டுமல்ல, இந்தியிலும் தெலுங்கிலும் எழுதி வையுங்கள். தீர்த்தமாட வருகிறவர்களில் நிறையப் பேர் வெளி மாநிலத்துக்காரர்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர் ஒருவர்