நாலு டிகிரி வேண்டாம், முருகேசா

சிங்கப்பூர்
ஜூன் 8

மாப்ளே முருகேசா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது. திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஜூரோங் பக்கம் வீடு மாறிவிட்டாள். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? எங்கள் முதலாளி தவுக்கே இன்னும் விடியற்காலை மூன்று மணிக்கே கடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். உன் பேச்சை எடுத்தால் போதும், "அந்தத் தர்பூசணி!" என்று இன்றைக்கும் தலையில் கை வைக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் கதிர் மாந்தோப்பிலேயே குளிர் அறை கட்டப் போகிறான், கடனுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்று போன வாரம் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "நாலு டிகிரி வரைக்கும் இறக்கலாமாம், மாங்காய் மாசக்கணக்கில் அப்படியே இருக்குமாம்" என்று நீ ஆசையாகச் சொன்னபோது நான் ம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். பாசிர் பாஞ்சாங் சந்தையின் இரைச்சலில் நிதானமாகப் பேச முடியவில்லை. அதோடு, அந்த நாலு டிகிரி என்ன செய்யும் என்பதை அதே வாரம்தான் என் கையால் தொட்டுப் பார்த்திருந்தேன்.

மே மாத நடுவில் சென்னை விமானத்தில் நமக்கு அறுபது பெட்டி பங்கனபள்ளி வந்தது. காம்பைச் சுற்றித் தோள் நன்றாக எழும்பிய முற்றிய காய், ஒன்றுகூடச் சொத்தை இல்லை. நம்மவர்கள் வாங்கும் தேக்கா சந்தையில் அப்போது பழம் குவிந்து கிடந்தது. பத்து நாள் பொறுத்து விற்கலாம் என்றார் தவுக்கே. நம் அறையில் இடமில்லாததால் வெளியே வாடகைக்கு ஓர் இடம் பிடித்தோம். பதின்மூன்று டிகிரி என்று நான் பேப்பரிலேயே எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர்கள் கொண்டுபோய் ஆப்பிளோடும் திராட்சையோடும் நாலு டிகிரியில் அடுக்கிவிட்டார்கள். பத்தாம் நாள் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க அவ்வளவு அழகு, முருகேசா. பச்சை மாறாமல், கல் மாதிரி இருந்தது. தவுக்கே என் முதுகில் தட்டிக் கொடுத்தார். இரண்டாம் நாள் தோலில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். மூன்றாம் நாள் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், பிறகு அந்தக் குழிகளைச் சுற்றிப் பழுப்பு. ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் பச்சையாகவும் நின்றது. ஒன்றை அறுத்தேன். கத்தி போகும்போதே ரப்பரை அறுக்கிற மாதிரி இருந்தது. வாயில் போட்டால் புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, வாசனை என்பதே இல்லை. பிறகு காம்படியில் அழுகல் பிடித்தது. அறுபது பெட்டியில் ஏழெட்டு தேறியிருக்கும். பணம் போனது கிடக்கட்டும், ஒரு விவசாயி ஒரு வருஷம் காத்திருந்து பறித்த காய் இது. அறை வாடகைக்கு விட்டவர்கள் "பழம் குளிரில்தானே இருந்தது, எங்கள் மேல் என்ன குற்றம்?" என்றார்கள். அந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குளிர்ந்தால் எதுவும் கெடாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆப்பிளின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவு. பூஜ்யம் டிகிரியை ஒட்டி வைத்தாலும் மாசக்கணக்கில் தாங்கும். மாம்பழம் வெயிலில் பிறந்தது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் இறுகிக்கொள்ளும், நல்லெண்ணெய் இறுகாது, பார்த்திருக்கிறாய் அல்லவா? பழத்தின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அதிலும் கொழுப்பு உண்டு. வெப்பநாட்டுப் பழங்களின் சவ்வு அதிகக் குளிரில் அப்படி விறைத்துக் கசியத் தொடங்கிவிடும். பழுக்க வைக்கிற நொதிகள் வேலை செய்ய மறுக்கும். காயம் அறைக்குள் இருக்கும்வரை தெரியாது, வெளியே வந்து சூடு ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் அறைக்காரன் கையில் நல்ல காயாக இருந்தது, வாங்கியவன் கையில் குப்பையாகிறது.

கதிர் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளட்டும். முற்றிய மாங்காய்க்கு 12 முதல் 13 டிகிரி. வாழைக்கு 13, 14. அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும் என்பது உன் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே தெரிந்திருக்கும். மங்குஸ்தானும் 13 பக்கம்தான். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் சுருங்கும். இப்படி வைத்தால் மாங்காய் இரண்டு, மூன்று வாரம் நிற்கும். மாசக்கணக்கு எந்த அறையிலும் நடக்காது. சொன்னவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

அப்புறம், அறையில் வேறு பழத்தைச் சேர்க்கக் கூடாது. உன் அம்மா செங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்களே, அதில் காய் விடுகிற எத்திலீன் வாயு வெளியே போகாமல் அதையே பழுக்க வைக்கும். வாழைத்தாருக்கு மூட்டம் போடும்போது புகையில் இருப்பதும் அதே வாயுதான். பானையில் நன்மை செய்தது அறையில் எதிரியாகிவிடும். மூலையில் பழுத்துக் கிடக்கும் ஒரே ஒரு பழம் மற்ற பெட்டிகளையும் எழுப்பிவிட்டுவிடும். தினமும் ஓர் ஆள் உள்ளே போய்ப் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று. பூசணம், அதுதான் பழுக்கும்போது வருகிற கறும்புள்ளி, காய் பிஞ்சாக இருக்கும்போதே தோலுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. குளிரில் அது சாகாது, தூங்கும். அதற்கு வெந்நீர்தான் வைத்தியம்: 52 டிகிரி வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிஷம் முக்கி எடுத்து, உடனே ஆற்றிவிட வேண்டும். தண்ணீர் அதற்கு மேல் சுட்டால் தோல் வெந்துவிடும், அதனால் வெப்பமானி இல்லாமல் கை வைத்துப் பார்த்துச் செய்யக் கூடாது.

கோபித்துக்கொள்ளாதே, அறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடனில் பாதியைத் தோப்புக்குச் செலவு செய் என்கிறேன். உங்கள் ஊரில் பதினோரு மணி வெயிலில் உலுக்கி விழவைத்து, சாக்கில் கட்டி, லாரியில் ஏறி நின்று மிதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடிபட்ட காயை எந்த அறையும் காப்பாற்றாது. விடியற்காலையில் வலை கட்டிய தொரட்டியால், ஒரு விரல் காம்போடு பறிக்கட்டும். காம்பைப் பிறகு நிழலில் நறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாலை வடியவிட வேண்டும். அந்தப் பால் தோலில் பட்ட இடமெல்லாம் கருகிப்போகும். சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட். பறித்த காயும் மூச்சு விடுகிறது, பத்து டிகிரி சூடு ஏறினால் அந்த மூச்சு இரண்டு மடங்கு, மூன்று மடங்காகும். வெயிலில் அரை நாள் கிடந்ததற்கு அறையில் பல நாளை இழக்க வேண்டி வரும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஹெக்ஸனால் என்று ஒரு தெளிப்பு இருக்கிறது, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ந்தது. அறுவடைக்கு முன்பே தெளிப்பார்கள். நான் சொன்னேனே அந்தச் சவ்வு, அதைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. கதிரை ஒரு நடை போய்க் கேட்டுவரச் சொல். கார்பைட் கல் பக்கம் அவன் போக மாட்டான் என்று தெரியும், உன் பிள்ளை.

இந்த ஊருக்கு உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. தேக்காவில் ஒரு பாட்டி, சேலத்தில் பிறந்தவர், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் மோந்து பார்ப்பார். வாசனை வந்தால் முகம் மலரும், வராவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவார். போன வாரம் இரண்டு முறை அப்படி வைத்துவிட்டுப் போனார். உன் தோப்புப் பழம் ஒருநாள் அவர் கைக்கு வர வேண்டும், வாசனையோடு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பாண்டி வியாழக்கிழமை ஊருக்கு வருகிறான். அவனிடம் ஊசி வைத்த வெப்பமானி இரண்டு கொடுத்து அனுப்புகிறேன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மத்தியானம் வெயிலில் கிடக்கிற ஒரு காயில் ஒன்றை, நிழலில் கிடக்கிற காயில் ஒன்றை, கொட்டை வரைக்கும் குத்தச் சொல். இரண்டும் என்ன காட்டுகிறது என்று எனக்கு அன்றைக்கே போன் பண்ணு.

உன்,
செல்வம்