பரணில் கிடக்கும் குமரிக் கடற்கரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 1982 முதல் கன்னியாகுமரி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைப் படம் எடுத்துப் பிழைத்தவன். பார்வை மங்கியதும் கேமராவை உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் வீட்டுப் பரணில் மூன்று தகரப் பெட்டி நிறைய நெகட்டிவ்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்போதெல்லாம் படம் உடனே கைக்கு வராது. 36 படமும் முடிந்தால்தான் ரோலைக் கழுவக் கொடுப்போம். பயணிகள் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவோம். அவர்கள் அந்தப் படத்தில் பார்த்தது தங்கள் முகத்தை. நான் இப்போது பார்ப்பது அவர்களுக்குப் பின்னால் இருப்பதை.

பழைய ரோல்களில் விவேகானந்தர் மண்டபம் இருக்கும், பக்கத்துப் பாறை மொட்டையாக இருக்கும். 1990இல் அங்கே சிலை வேலை தொடங்கியது. அப்புறம் எடுத்த படங்களில் சாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். கணபதி ஸ்தபதியின் ஆட்கள் அதைக் கல் கல்லாக ஏற்றியதைப் பார்த்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். மண்டபப் பாறையையும் சிலைப் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் பேத்தியோடு நடந்தேன். "சிலைக்கு முன்னாடி இங்க என்ன தாத்தா இருந்தது?" என்று கேட்டாள். "வெறும் பாறைதான் மக்களே" என்றேன். அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

நான்காவது பெட்டி ஒன்று இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடற்கரைக் கடைக்குள் தண்ணீர் புகுந்து, பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. அன்று நடுக்கடல் பாறையில் சிக்கித் தவித்த பயணிகளைப் படகில் போய்க் கூட்டி வந்தவர்கள் நம் மீனவர்கள். அந்தக் காட்சிக்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை. நான் அப்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். யாராவது எடுத்திருந்தால் அது இந்த ஊரின் சொத்து.

மிச்சமிருக்கும் பெட்டிகளையும் உப்புக் காற்று விடவில்லை, பூசணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்துக்குக் கொண்டு போய்க் காட்டினேன். மனு எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்று வரை பதில் இல்லை.

என்னைப் போல இன்னும் பல வீடுகளில் படங்கள் இருக்கும். 1948 பிப்ரவரி 12 அன்று காந்தியின் அஸ்தியை இங்கே கடலில் கரைத்தார்கள். கலசம் வைத்திருந்த இடத்தில் எழுப்பிய மண்டபம் 1956இல் முடிந்தது. அதே வருடம் நவம்பர் 1இல்தான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த நாட்களின் படம் ஏதாவது ஒரு மீனவர் வீட்டுச் சுவரிலோ, சிப்பிக் கடைக்காரரின் டிரங்குப் பெட்டியிலோ இருக்கத்தான் செய்யும். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அது குப்பைக்குப் போய்விடக் கூடாது.

உங்கள் நாளிதழ் வாரம் ஒரு பழைய குமரிப் படத்தை, இடமும் வருடமும் போட்டு வெளியிட வேண்டும். வாசகர்களிடம் கேட்டால் கட்டாயம் கொடுப்பார்கள். அப்படிச் சேர்பவற்றை வைக்க, படகுத்துறைப் பக்கம் ஒரே ஒரு அறையை அரசு ஒதுக்கித் தரட்டும். காற்றுப் புகாத அலமாரி இருந்தால் போதும்.

என் மூன்று பெட்டிகளையும் கொடுக்கத் தயார். முகவரி மாறித் தபாலில் திரும்பி வந்த பிரிண்ட்கள் ஒரு கட்டு இருக்கின்றன, அதையும் சேர்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கடற்கரைப் புகைப்படக்காரர் ஒருவர்,
கன்னியாகுமரி.