இதயப் பிரிவுச் செவிலியர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய சிஸ்டர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்க ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, குழாய் மறுபடி சுருங்காதிருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தார்கள். வைத்த மருத்துவருக்கு அன்றே நேரில் நன்றி சொல்லிவிட்டோம். பழத்தட்டும் கொடுத்தாகிவிட்டது. அவர் வேலை முடிந்த இடத்தில்தான் உங்கள் வேலை தொடங்கியது. ஆகவே இந்த மடல் உங்களுக்கு.

கைநாடி மெலிதாக இருந்ததால் தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தினார்கள். ரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த ஹெப்பாரினே குத்திய இடத்தில் ரத்தம் கசியவும் வழிவிடும். பார்க்க வந்த உறவினர்களோ, “அடைப்பு நீங்கிவிட்டது, இனி என்ன பயம்?” என்று காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

மாலையில் குழாயை உருவியதும் தமனியின்மேல் விரல்களை ஊன்றி இருபது நிமிடம் அழுத்திய சிஸ்டருக்கு முதல் நன்றி. நடுவில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நாடித்துடிப்பு மளமளவென இறங்கியது. ஆனாலும் சிஸ்டர் கையை எடுக்கவில்லை. “கால் பக்கம் உயர்த்துங்கள், அட்ரோப்பின் எடுத்து வையுங்கள்” என்று குரல் மட்டும் கொடுத்தார். மருத்துவர் ஓடி வந்தபோது, நாடித்துடிப்பை உயர்த்தும் அந்த ஊசி தயாராக இருந்தது.

இரவுப் பணி சிஸ்டருக்கு என்ன சொல்வது? முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கொரு முறை, பிறகு அரை மணிக்கொரு முறை போர்வையை விலக்கித் தொடையைத் தொட்டுப் பார்த்தார். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பாதத்தின் மேல்புறம் நாடி பார்த்தார். நாடி கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி, அடுத்து வருபவர் தேடித் தடுமாறக் கூடாதென்று. பத்து மணி வாக்கில் காயத்தருகே எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் அவர் விரலுக்குத் தட்டுப்பட்டது. உடனே மருத்துவரை அழைக்கச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினார். பிறகு வீக்கத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து நேரத்தையும் எழுதினார். ஒவ்வொரு முறையும், “தாத்தா, முதுகு வலிக்கிறதா?” என்று கேட்டார். வயிற்றுக்குப் பின்புறம் ரத்தம் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாதாம். முதுகுவலியும் இறங்கும் ரத்த அழுத்தமும்தான் காட்டிக்கொடுக்குமாம். விடியும்வரை வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிவதற்காக உள்ளே செலுத்திய சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்; சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்கு அதில் கூடுதல் கவனம் தேவை. மருத்துவர் சொன்ன அளவில் தண்ணீர் கொடுத்து, சிறுநீரை அளந்து குறித்த பயிற்சி மாணவிக்கும், அதை முகம் சுளிக்காமல் எடுத்துப்போன பணியாளர் அம்மாவுக்கும் எங்கள் வணக்கம். சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று தலையணையை உயர்த்திய எங்கள் சித்தப்பாவை அதட்டி உட்கார வைத்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி! தலையைத் தூக்கினால் வயிறு இறுகி, அந்த அழுத்தம் காயத்துக்குப் போகும் என்று எங்களில் எவருக்குத் தெரியும்?

இத்தனைக்கும் வார்டு முழுவதற்கும் அன்றிரவு நீங்கள் இரண்டே பேர். காலையில் பதிவேட்டில் எழுதியதோ, “வீக்கம் கூடவில்லை, பாதநாடி நன்று” என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குப் பின்னால் இருந்த உழைப்பு மேலிடத்துக்கும் தெரியட்டும் என்று, இம்மடலின் நகலைச் செவிலியர் கண்காணிப்பாளருக்கும் மருத்துவமனை முதல்வருக்கும் அனுப்பியிருக்கிறேன். இரவுப் பணிக்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்ற கோரிக்கையையும் அதிலேயே சேர்த்திருக்கிறேன்.

நன்றியுடன்,
பதினான்காம் படுக்கைத் தாத்தாவின் மகள்