கிட்டார் இல்லாவிட்டால் குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இசைப் பகுதியில் பிரிட்டனின் போஸ்ட் பங்க் (பங்க் ராக்கை அடுத்து வந்த இசை) குழு 'சூசி அண்ட் த பான்ஷீஸ்' பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் பாடகி சூசியும் ட்ரம்ஸ் வாசித்த பட்ஜியும் 1981இல் தனியாகத் தொடங்கிய 'த கிரியேச்சர்ஸ்' குழுவை ஒரே வரியில் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் கூட்டாளிமாருக்குள்ளும் இதே வழக்குத்தான். "கிட்டார் இல்லாம பாட்டு பாதியில நிக்கிற மாதிரி இருக்கு" என்கிறான் ஒருவன். இன்னொருவனுக்கு பான்ஷீஸை விட இதுதான் பிடிக்கும். நானும் அவன் பக்கந்தான். த கிரியேச்சர்ஸின் முதல் வெளியீட்டில் கிட்டார் இல்லை; குரலும் தாளமும் மட்டும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சூசியின் குரல் தனியே நிற்கிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும் கேட்டு வளர்ந்த மட்டக்களப்புக் காதுக்கு இதில் என்ன குறை? கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்தால் விடிய விடியக் கூத்து ஆட அது போதுமே.

1983இல் ஹவாயில் பதிவான இவர்களின் இசைத்தட்டில் எல்லாப் பாட்டும் ஒரே தரமில்லை, சரி. ஆனால் பெரிய குழுவான பான்ஷீஸை இந்தத் தனிக்குழு கெடுத்துவிட்டது என்று சொன்னால் அது நியாயமில்லை. பான்ஷீஸ் 1996 வரை இயங்கியது.

இந்தத் தனிக்குழுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுதுபவர் அந்த முதல் வெளியீட்டை முழுதாகக் கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.

வாசகர்,
ஆரையம்பதி.